முதல் வரிக்குக் கீழே

நடந்தது இது. வரிசை மாற்றாமல் எழுதுகிறேன்.

1. கொச்சியில், யூதர் தெருவான ஜூ டவுனில் பழைய மரச்சாமான் கடை வைத்திருந்த ஒருவர், தன் வண்டியின் பின்சக்கரம் இரண்டும் அகலமாக வேண்டும் என்று எங்கள் டயர் கடைக்கு வந்தார். நாலு சக்கரத்துக்கும் எப்போதும் இழுவை போகிற வண்டி அது.
2. கடை முதலாளி என்னிடம் யோசனை கேட்டார். நான் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தேன்.
3. முதலாளி முதல் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துத் தாளைக் கிழித்தார்.
4. மேல் துண்டைப் பார்த்து என் அப்பா சக்கரங்களை மாட்டினார்.
5. பதினோராம் நாள், மூணாறு ஏற்றத்தில் ஒரு வளைவில் வண்டி திரும்பாமல் தடுப்புக் கல்லில் ஏறியது. டிரைவருக்குத் தோள் எலும்பு முறிந்தது.
6. தப்பு தன்னுடையது என்று அப்பா எல்லார் முன்னாலும் சொன்னார்.

இதில் மூன்றாவதைச் செய்த மனிதரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவர். தோப்பும்படியில், மீன் ஹார்பருக்குத் திரும்பும் சாலையில் கடை. டயர், அலைன்மென்ட், சில்லறை மெக்கானிக் வேலை. நாங்கள் அவரை முதலாளி என்றே கூப்பிட்டோம்.

ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஆறங்குல இரும்பு ஸ்கேல். அதை அளக்க எடுத்து நான் பார்த்ததில்லை. தாள் கிழிக்கத்தான். கடைக்கு எந்தத் தாள் வந்தாலும் மேலே ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி வாசிப்பார். அதற்குக் கீழே ஸ்கேலை அழுத்தி, ஒரே இழுப்பு. வேண்டிய துண்டு, வேலைச் சீட்டுகளைக் குத்தி வைக்கும் ஜாப் கார்டு ஆணியில் ஏறும். மீதித் தாளின் வெற்றுப் பக்கம் எதிர்ச் சாயாக்கடைக்குச் சீட்டு எழுத ஆகும். சீட்டைக் கொண்டுபோவது இன்னார் என்று இல்லை. கை சும்மா இருப்பவர் போவார். நானும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன்.

பேச்சையும் அப்படித்தான் கிழிப்பார். தனக்கு வேண்டியது காதில் விழுந்த நிமிடம் உள்ளங்கை மேலே எழும். "மதி." போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் பேசுபவர் சுவரோடு பேசிக்கொள்ளலாம்.

செல்லானத்தில் ஒருவர் பழைய கம்ப்ரசர் விற்கிறார் என்று கேள்விப்பட்டு ஃபோனில் வழி கேட்டார். "பள்ளி கண்டா இடத்தோட்டு", மாதா கோயிலைக் கண்டால் இடது பக்கம், என்று அந்தப் பக்கம் சொன்னதும் கை எழுந்தது. மதி. செல்லானம் போகிற கடற்கரைச் சாலையில் எத்தனை மாதா கோயில் உண்டு என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். முதல் கோயிலிலேயே இடது பக்கம் திரும்பி, யாரோ ஒரு குழந்தையின் ஞானஸ்நான விருந்துப் பந்தலுக்குள் போய் நின்றார். கூட அப்பா. வந்தவர்களை அவர்களும் விடவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தவரிடம் நான் கேட்டேன்.

"கம்ப்ரசர் எங்கே முதலாளி?"

"பிரியாணி கொள்ளாம் மோளே. நல்ல மட்டன்."

அப்பா இதை வீட்டில் நடித்துக் காட்டுவார். அம்மா சிரித்துச் சிரித்து இருமுவாள். அப்போது எங்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர் அவரிடம் மதுரம் கொஞ்சம் ஆகலாம், வாரத்தில் ஒரு நாள் என்று சொன்னாராம். "ஆகலாம்" வரை கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். சாயாச் சீட்டில் தன்னுடையதற்கு நேரே எப்போதும் "மதுரம் கூடுதல்" என்று எழுதுவார். முதலாளியின் மனைவி கடைக்கு வந்து என்னிடம் புலம்புவார். "நீ படிச்ச குட்டிதானே, நீ சொல்லு." என்னால் என்ன சொல்ல முடியும்? முதல் வாக்கியத்துக்குள் எதைச் சொல்லி முடிக்க முடியுமோ அதைத்தான் அவரிடம் சொல்ல முடியும்.

இந்தக் குணத்தால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். வண்டிப் பொறியியலில் டிப்ளமோ முடித்தேன். வகுப்பில் நான் ஒருத்தி மட்டும் பெண். எறணாகுளத்தில் மூன்று இடத்தில் கேட்டேன், மூன்றிலும் ரிசப்ஷனில் உட்காரச் சொன்னார்கள். அப்பா தயங்கித் தயங்கி முதலாளியிடம் பேச்சை எடுத்தார். பக்கத்தில் நின்ற மெக்கானிக் ஒருவர், "குட்டிக்கு வேலை அறியும் முதலாளி, பக்ஷே ஜாக்கி தூக்கறது..." என்று ஒரு 'ஆனால்' போட்டு இழுத்தார். கை எழுந்தது. "வேலை அறியும். மதி. நாளைக்கு வரட்டும்." அந்த மெக்கானிக்கின் மீதி வாக்கியம் அந்தரத்தில் நின்றது. மறுநாள் காலை எட்டரைக்கு நான் கடையில் நின்றேன்.

இரண்டு வருடம் அவருக்கு நன்றியோடு இருந்தேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

அப்பா அந்தக் கடையில் பதினாறு வருடம் டயர் மாட்டியவர். தாத்தா நகரசபை வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அப்பா இங்கே மலையாளப் பள்ளியில் அஞ்சாவது வரை. எழுத்துக்கூட்டி வாசிப்பார். கணக்கு, சூத்திரம் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார்: நாலு சக்கரமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு தடவை மீன் வண்டி ஒன்றுக்கு, கையில் கிடைத்த வேறு அளவு டயரைப் போடச் சொன்னார் முதலாளி. அப்பா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கம்ப்ரசர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"மாட்டுடோ."

"ஒரு கால்ல ஏழு நம்பர் செருப்பு, ஒரு கால்ல எட்டு நம்பர் போட்டு மட்டாஞ்சேரி வரை நடந்து காட்டுங்க மொதலாளி. நான் மாட்டறேன்."

முதலாளி கத்தினார். அப்பா எழுந்திருக்கவில்லை. கடைசியில் சரியான டயர் வரவழைத்தார்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. முதலாளியின் வாய்ச்சொல்லுக்கு அப்பா அளவு மாற்றி மாட்ட மாட்டார் என்பது முதலாளிக்கு நன்றாகத் தெரியும்.

இனி அந்த வண்டி. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்த ஜப்பான் வண்டி. ஜூ டவுன்காரர் வெளிநாட்டு விருந்தாளிகளை அதில்தான் கூட்டிக்கொண்டு போவார். "பின்னாடி பாத்தா ஒரு கம்பீரம் வேணும்" என்றார். எங்கள் கடையில் ஒரு வருடமாக இரண்டு அகலமான டயர்கள் அலாய் வீலோடு கிடந்தன. யாரோ சொல்லி வைத்து எடுக்காமல் போனவை. முதலாளியின் கண் அங்கே போனதை நான் பார்த்தேன்.

"மோளே, இந்த வண்டிக்குப் பின்னாடி அகலம் கூடின டயர் போடலாமா, கூடாதா? அது மட்டும் பறஞ்சு தா."

"போடலாம் முதலாளி, ஆனா..."

"மதி."

"மதியில்லே. இது மத்த வண்டி மாதிரி இல்லே. எழுதித் தரேன், அதைப் பாத்துச் செய்யுங்க."

"எழுதிக்கோ. எழுதினா நல்லதுதான்."

சாதாரண வண்டியில் இழுவை முன்சக்கரத்துக்கோ பின்சக்கரத்துக்கோ மட்டும் போகும். இதில் முன்னும் பின்னும் ஒரு தண்டால் இணைக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு உருளைக்குள் பிசின் போன்ற எண்ணெய். சேற்றில் ஒரு பக்கம் வழுக்கி வேகமாகச் சுற்றினால், அந்த எண்ணெய் சூடாகி இறுகி, இழுவையை மற்றப் பக்கத்துக்கும் தள்ளும். ஒரு நிமிட வேலைக்காகச் செய்யப்பட்டது அது. முன் டயரும் பின் டயரும் உருளும் சுற்றளவில் வேறுபட்டால், நல்ல தார்ச் சாலையிலேயே அது எப்போதும் சூடாகிக்கொண்டிருக்கும். ஒரு நாள் இறுகிக்கொள்ளும். பிறகு வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் தனித்தனி வேகத்தில் சுற்ற முடியாது. வண்டி வளைய மறுக்கும்.

அகலம் மட்டும் கூடினால் பிரச்சினை இல்லை. பக்கவாட்டு உயரத்தை அகலத்தின் சதவீதமாகத்தான் டயரில் எழுதுவார்கள்; அகலம் கூடுகிற அளவுக்கு அந்த எண் குறைய வேண்டும். அப்போது சுற்றளவு மாறாது. நான் எழுதிய நாலு வரி இவை. மலையாளத்தில் எழுதினேன், அப்பாவும் வாசிப்பார் என்பதால்.

ஒன்று: இந்த வண்டிக்குப் பின்னால் அகலமான டயர் போடலாம்.

இரண்டு: ஆனால் நாலு டயரின் சுற்றளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குப் பக்க எண் 55 வேண்டும். கடையில் கிடப்பது 60, அதைப் போடக் கூடாது.

மூன்று: முன் டயர்கள் தேய்ந்திருக்கின்றன. மாற்றினால் நாலையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

நாலு: இது முடியாதென்றால் வண்டியைத் தொடாமல் அனுப்பிவிட வேண்டும்.

ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் ஐந்துதான் வித்தியாசம் என்று தோன்றும். தேய்ந்த முன் டயரையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டர் ஓடினால் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட இருபது சுற்று அதிகம் சுற்றும். மூணாறு நூற்று முப்பது கிலோமீட்டர்.

மறுநாள் நான் சான்றிதழ் விஷயமாக எறணாகுளம் போயிருந்தேன். அன்றைக்குத்தான் மாட்டினார்கள். அப்பா முதலில் மறுத்திருக்கிறார். "நாலும் ஒண்ணு போல இல்லை மொதலாளி." முதலாளி ஆணியிலிருந்து துண்டை எடுத்து நீட்டியிருக்கிறார். அப்பா எழுத்துக்கூட்டி வாசித்தார். என் கையெழுத்து.

"பாப்பா எழுதினதா?"

"பின்னே ஆரு? சொந்தம் மோளோட எழுத்து அறியில்லையா?"

முதலாளி சொல்லி அப்பா மாட்டவில்லை. நான் சொன்னேன் என்று நினைத்து மாட்டினார். பதினாறு வருடம் அவர் பிடித்து வைத்திருந்த சட்டத்தை என் கையெழுத்தைப் பார்த்துக் கைவிட்டார். படித்த மகள் எழுதியிருக்கிறாள், தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கும் என்று நினைத்தாராம். மாட்டி முடித்து, பெருமையாகக்கூட இருந்ததாம்.

திரும்பி வந்து, டயர் இரண்டும் இல்லாததைப் பார்த்தேன்.

"போயி மோளே, ரெண்டும் போயி. நீதானே போடலாம்னு பறஞ்சே."

நான் கத்தவில்லை. எனக்குக் கத்த வராது. வண்டியை உடனே திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று சொல்லி, அவர் ஃபோனை எடுக்கும்வரை மேசைக்கு முன்னால் நின்றேன். அவர் டயல் செய்தார். "ஒரு தடவை கடைக்குக் கொண்டு வரணும் சாரே." கொஞ்சம் கேட்டார். பிறகு, "ஓ, மதி மதி" என்று சொல்லி வைத்துவிட்டார். என்னைப் பார்த்து, "வரும்" என்றார்.

ஜூ டவுன்காரர் சொன்னது பிற்பாடு தெரிந்தது: "வரேன், பக்ஷே மூணாறுக்கு ஆள் கொண்டுபோகணும், அது கழிஞ்சு வரேன், அவசரம் ஒண்ணும் இல்லையே?" முதலாளி கேட்டது முதல் சொல் மட்டும்.

தினமும் கேட்டேன். தினமும் "வரும்" என்றார். நானே ஜூ டவுன் வரை நடந்திருக்கலாம். நாற்பது நிமிட நடை. நடக்கவில்லை. இதையும் என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

விபத்துக்கு மூன்றாம் நாள் ஜூ டவுன்காரர் கடைக்கு வந்தார். முதலாளி நேராக ஆணிக்குப் போனார். துண்டை எடுத்தார்.

"பாருங்க சாரே. டிப்ளமோ படிச்ச குட்டி எழுதித் தந்தது. மாட்டினது அவ அப்பன். நான் படிக்காதவன். நான் எந்து செய்யும்?"

"அதுக்குக் கீழே இன்னும் மூணு வரி இருந்தது" என்றேன்.

"எவிடே?" என்று ஜூ டவுன்காரர் கேட்டார்.

என்னிடம் இல்லை. முதலாளி ஸ்கேல் இருந்த பாக்கெட்டைத் தடவிக்கொண்டு நின்றார். வாசலில் இரண்டு பேர் வேலையை விட்டு வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், "பெண்குட்டிகளை ஒர்க்ஷாப்பில் விட்டா இப்படித்தான்" என்றார். அந்தச் சொல் அப்பா காதில் விழுந்தது. அப்பா ஸ்பானரோடு முன்னால் வந்தார்.

"அவளை ஒண்ணும் பறைய வேண்டா. அவ சரியாத்தான் எழுதினா. வாசிச்சும் எனக்கு மனசிலாகல்லே. தப்பு என்னோடது."

முதலாளியின் கை எழுந்தது. "மதி."

அப்பா ஸ்பானரை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். டிரைவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று பிறகு தெரிந்தது. ஆறு வாரம் தினமும் போனார். கடைக்குத் திரும்ப வரவில்லை.

நான் எதிர்ச் சாயாக்கடைக்குப் போனேன். அங்கே வருகிற சீட்டுகளை ஒரு கம்பியில் கோர்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கம்பியைக் கேட்டு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஒரு பக்கம் அவர் எழுத்தில் சாயாவும் பழம்பொரியும். மறு பக்கம் கீழ்ப் பாதிகள். டயர் கம்பெனி கடிதத்தின் நிபந்தனைகள். கல்யாணப் பத்திரிகையின் இடமும் நேரமும். டாக்டர் சீட்டின் அடிப்பகுதி. துபாயிலிருந்து அவருடைய தங்கை மகன் எழுதிய கடிதத்தின் கடைசி ஐந்து வரி. அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று மறக்காமல் பதில் போடச் சொல்லியிருந்தான். அவர் வாசிக்காத எல்லாம் அந்தக் கம்பியில் எண்ணெய்க் கறையோடு தொங்கியது. அதில் என் மூன்று வரி இருந்தது. மறுபக்கம்: சாயா 4, பழம்பொரி 4, ஒன்றுக்கு மதுரம் கூடுதல்.

சாயாக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இது அந்த அலாய் வீல் போட்ட அன்னிக்குள்ளதாக்கும். நின்டெ அப்பன்தானே கொண்டுவந்தது. வண்டி வேலை முடிஞ்ச சந்தோஷத்துல 'எனக்கும் ஒரு சாயா ஊத்து'ன்னாரு."

துண்டை எடுத்துக்கொண்டு ஜூ டவுன் போனேன். கடைக்காரர் ஒரு பழைய பெட்டிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். "இது இப்ப எழுதினதல்லன்னு எப்படி அறிவேன்? நின்டெ அச்சன் ஏத்துட்டாரல்லோ. தப்பில்லாதவன் எதுக்கு ஏத்துக்கணும்?" அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவரிடம் சொல்கிற பதில் இல்லை.

பிறகு முதலாளியிடம் கொடுத்தேன். முதலில் சாயாப் பக்கத்தை வாசித்தார். "என்டெ எழுத்துதான்" என்றார். திருப்பினார். மூன்று வரியையும் விரல் வைத்து, கடைசிச் சொல் வரை வாசித்தார். அவர் ஒரு தாளை முழுக்க வாசித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இதெல்லாம் நீ மேலே எழுதியிருக்கணும் மோளே."

துண்டைப் பாக்கெட்டில் வைக்கப் போனார். கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். வேண்டுமென்றே கிழித்தாரா என்று கேட்டேன்.

"நான் எல்லாத்தையும் கிழிக்கிறதுதானே" என்றார்.

அது உண்மை. அதுதான் என்னைத் தூங்கவிடாத உண்மை. எல்லாவற்றையும் கிழிக்கிறவர் எதை வேண்டுமென்று கிழித்தார் என்று யாரும் நிரூபிக்க முடியாது. அந்த வசதிக்காகவே ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். நிபந்தனையை மேலே எழுதியிருக்க வேண்டும் என்பதும் உண்மைதான். இன்று நான் அப்படித்தான் எழுதுகிறேன். விடையை முதலில் எழுது, விளக்கத்தைப் பிறகு எழுது என்று பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முழுத் தாளை வாசிக்கிறவருக்கு எழுதுகிற முறை அது. என் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே சரியான திருத்தத்தை அந்த வாயிலிருந்து கேட்க வேண்டி வந்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அன்றே நானும் வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

போன மாதம் முதலாளியின் மனைவி எனக்கு ஃபோன் செய்தார். முதலாளிக்குச் சர்க்கரை முற்றி, கண் ஏறக்குறைய போய்விட்டதாம். இப்போது யாராவது வாசித்துக் காட்ட வேண்டுமாம். அழுதார்.

"மோளே, அது தன்டெ தப்புதான்னு அவர் சொல்றார். பக்ஷே..."

"மதி சேச்சி" என்றேன். வைத்துவிட்டேன்.

அந்த "பக்ஷே"வுக்குப் பிறகு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். "தப்பு அவரோடதுன்னு மொதலாளி சொன்னாராம்பா."

அப்பா சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். வேலைக்குப் புறப்படும் நேரம். "வேறே ஏதும் பறஞ்சாரா?"

"இல்லை" என்றேன்.

இப்போதைய நிலை இது. அப்பா தேவராவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவலாளி. உள்ளே வருகிற வண்டிகளின் சக்கரத்தைப் பார்ப்பதில்லை; நம்பர் பலகையை மட்டும் பார்க்கிறார். டிரைவரின் தோள் கூடிவிட்டது, கையை முழுக்கத் தூக்க முடியாது. நான் எறணாகுளத்தில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் இருக்கிறேன். என் ஜாப் கார்டில் கூடாதவை மேலே வரும். மேல் துண்டு எங்கே என்று தெரியாது. கீழ்த் துண்டு என் இழுப்பறையில் இருக்கிறது. அதைச் சாயாக்கடைக்கு எடுத்துப் போனவர் யார் என்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை.